அடிப்படைத் தேர்வு மதிப்பெண் எல்லாம் ஏற்றியாயிற்று, அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது?

கேட்டவர்: அணைக்கட்டு கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 34 பிள்ளைகள். பாதிப் பேர் எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள், மீதிப் பேர் சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வைத்த அடிப்படைத் தேர்வைத் திருத்தி, அரசின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஒவ்வொரு பிள்ளையின் எண்ணுக்கு நேராகவும் மதிப்பெண்ணைப் போட்டு முடித்துவிட்டேன். பட்டியலும் வந்துவிட்டது, 34-ல் 11 பேர் அடிப்படையிலேயே பின்தங்கியவர்கள் என்று.

அந்த 11 பேர் யார் என்று பட்டியல் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும், வகுப்பில் தினமும் பார்க்கிற முகங்கள்தானே. எனக்குத் தெரிய வேண்டியது அதற்கு அடுத்தது. விகிதமும் விகிதசமமும் நடத்த வேண்டிய நேரத்தில், மூன்று இலக்க எண்ணைக் கழிக்கத் தெரியாத பிள்ளையை நான் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? பின்தங்கிய பிள்ளைகளுக்கான அரசின் 'திறன்' திட்டப் பயிற்சிப் புத்தகம் இருக்கிறது, நல்ல புத்தகம்தான், ஆனால் 11 பேருக்கும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் நான்கு பேருக்கு அது தெரிந்த பாடமாக இருக்கிறது, மூன்று பேருக்கு அதுவே மலையாக இருக்கிறது. கையில் இவ்வளவு விவரம் இருக்கும்போது அதை வைத்து நாளைய பீரியடை மாற்ற முடியாவிட்டால் எதற்காக எடுத்தோம்? யாராவது உங்கள் வகுப்பில் உண்மையில் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். பயிற்சியில் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டாம், அதை நானும் கேட்டுவிட்டேன்.

---

பதில்: காட்பாடி பட்டதாரி ஆசிரியர்

டீச்சர், மதிப்பெண் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு விடைத்தாள் கட்டை மறுபடியும் எடுங்கள். உங்களுக்கு வேண்டியது பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளில் இருக்கிறது, நாம் போட்ட மதிப்பெண்ணில் அது அழிந்துபோகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், என் வகுப்பில் அடிக்கடி வருவது. 304-லிருந்து 127-ஐக் கழிக்க வேண்டும். விடை 177. ஒரு பிள்ளை 223 என்று எழுதியிருக்கிறான், இன்னொருத்தி 277 என்று எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் நாம் போடுவது பூஜ்யம், மதிப்பெண் ஏற்றும் ஆப்பில் ஏறுவதும் பூஜ்யம். ஆனால் 223 எழுதியவன் ஒவ்வொரு இடத்திலும் மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான், 7-லிருந்து 4, 2-லிருந்து 0, 3-லிருந்து 1. அவனுக்குக் கடன் வாங்குவது என்ற பேச்சே போய்ச் சேரவில்லை. 277 எழுதியவளுக்குக் கடன் வாங்கத் தெரியும், ஒன்றாம் இடத்தை 14 ஆக்கி 7-ஐக் கழித்திருக்கிறாள், நடுவில் இருக்கிற பூஜ்யத்தை 9 ஆக்கவும் தெரிந்திருக்கிறது, அந்த 9 எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியாததால் நூறாம் இடத்து 3-ஐ 3-ஆகவே விட்டுவிட்டாள். அவளுக்கு ஒரு பத்து நிமிடம் போதும். அவனுக்கு இடமதிப்பிலிருந்து வர வேண்டும். இரண்டு பேரையும் ஒரே குழுவில் உட்கார வைத்து ஒரே பக்கத்தைப் போடச் சொன்னால் அவளுக்குச் சலிப்பு, அவனுக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் சொல்கிற அந்த நான்கு பேர், மூன்று பேர் கதை இதுதான்.

நான் செய்வது ரொம்ப எளிது. ஒரு லாங் சைஸ் நோட்டில் இரண்டு பக்கத்தையும் விரித்து, இடது ஓரம் பெயர்கள், மேலே கேள்வி எண்கள். சரியாக இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுவேன், தவறாக இருந்தால் பிள்ளை எழுதிய விடையையே எழுதுவேன், ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் ஒரு கோடு. டிக் போடுவது, பெருக்கல் குறி போடுவது எதுவும் கிடையாது. முடித்ததும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு கேள்வியின் கட்டங்கள் வகுப்பு முழுக்க நிரம்பியிருந்தால் அது பிள்ளைகளின் குறை அல்ல, அந்தப் பாடத்தை முழு வகுப்புக்கும் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது கேள்வியே குழப்பமாக இருந்திருக்கும். ஏழெட்டுப் பேர் மட்டும் தவறியிருந்தால் அவர்கள் எழுதிய விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், ஒரே விடை திரும்பத் திரும்ப வரும். அதுதான் உங்கள் குழு. மொத்த மதிப்பெண்ணை வைத்துக் குழு பிரிக்காதீர்கள், தவறை வைத்துப் பிரியுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் சில நேரம் அந்தக் குழுவில் வந்து உட்காரும், அது நல்லதுதான், அது மக்குக் குழு என்று யாரும் பெயர் வைக்க முடியாது.

223 குழுவுக்கு நான் தீக்குச்சி வைத்துக்கொள்கிறேன். குடியாத்தம் பக்கம் தீப்பெட்டி வேலை செய்கிற வீடுகள் உண்டு, மருந்து வைக்காத வெறும் குச்சி ஒரு பை கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. 304 என்றால் மூன்று பெரிய கட்டு, நான்கு தனிக் குச்சி, நடுவில் ஒன்றுமில்லை. இதிலிருந்து 7 குச்சி எடு என்றால் பிள்ளை கொஞ்ச நேரம் முழிக்கும், அப்புறம் தானாகவே பெரிய கட்டைப் பிரிக்கும். பிரித்ததும் பத்துச் சின்னக் கட்டு வரும், அதில் ஒன்றைப் பிரித்தால் மீதி ஒன்பது. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று 277 எழுதியவளுக்கும் அங்கேயே தெரிந்துவிடும்.

---

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொய்கை

வடார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, பதிவேடுகள் மட்டும் குறையவே இல்லை. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளை தானே செய்து பார்க்கப் பாட அட்டையும், அட்டைகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப்படியும் வந்தன. மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான முறையிலிருந்து எடுத்தது அது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது சுவரில் தொங்குகிற அட்டவணையிலேயே தெரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அந்த அட்டவணை இரவோடிரவாக நிரம்பிவிடுகிற பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன், அங்கே பிள்ளை எட்டாத படியிலும் அதன் பெயர் இருக்கும். ஆசிரியரை எடைபோட அந்த விவரம் பயன்படும் என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு உண்மை விவரம் வராது. மேலிடத்தில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. ஆந்திராவில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். சில பள்ளிகளின் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, எந்தப் பிள்ளைக்கு எதில் குறை என்று ஆசிரியர்களுக்கு விவரமாக எழுதிக் கொடுத்தார்கள், அவ்வப்போது வகுப்பையும் வந்து பார்த்தார்கள். பார்க்க வந்தபோது அந்த ஆசிரியர்கள் மற்ற பள்ளிகளைவிட உற்சாகமாகத்தான் பாடம் எடுத்தார்கள், ஆனால் கடைசியில் தனியாக வைத்த தேர்வில் அந்தப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஒரு மதிப்பெண்கூட முன்னே போகவில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்தால் போதும், கற்றல் தானாக உயரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். காட்பாடி சார் சொல்கிற நோட்டு இதிலிருந்து வேறு, அது டீச்சர் தன் கையால் எழுதியது, மறுநாள் தானே பயன்படுத்தப் போவது.

வருகைப் பதிவையும் பாருங்கள் டீச்சர், அதுவும் டேட்டாதான். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. வருகை எடுக்கும்போது அன்றன்றைக்கு யார் வரவில்லை என்றுதான் பார்ப்போம். ஒரு தடவை மாதம் முழுவதையும் கிழமைவாரியாகக் கீழே பார்த்தால், சில பிள்ளைகளுக்குச் செவ்வாய் தவறாமல் விடுப்பு. அப்பாவும் அம்மாவும் விடியலிலேயே சந்தைக்குப் போய்விடுவார்கள், வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் ஆரம்பித்ததே ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் எப்படி வரும்? புதுப் பாடம் எதையும் செவ்வாயில் ஆரம்பிக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தேன், கூடவே பெற்றோர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரவழைத்துப் பேசினோம். சில வீடுகள் மாறின, சில வீடுகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் புதுப் பாடம் தவறுவது நின்றது.

---

பதில்: பேரணாம்பட்டு ஆசிரியர்

மேலே எல்லாரும் கணக்கிலேயே நிற்கிறீர்கள். எங்கள் பக்கம் வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள், தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் நிறைய. இவர்கள் வாழ்க்கைக் கணக்கில் தவறும்போது அது கணக்குத் தவறா மொழித் தவறா என்று விடைத்தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆன் நியூமன் என்று ஆஸ்திரேலிய ஆசிரியை 1977-ல் ஒரு முறை சொல்லியிருக்கிறார், நான் அதைத்தான் பின்பற்றுகிறேன். தவறிய பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு முதலில் கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அடுத்து என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லச் சொல்ல வேண்டும். எப்படிச் செய்யப் போகிறாய், கூட்டலா கழித்தலா, என்று கேட்க வேண்டும். அப்புறம் செய்து காட்டச் சொல்ல வேண்டும், கடைசியாக விடையை எழுதச் சொல்ல வேண்டும். பிள்ளை இந்த வரிசையில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். "ரஹீமிடம் 45 ரூபாய் இருந்தது, செலவு போக 18 ரூபாய் மீதம், எவ்வளவு செலவழித்தான்" என்ற கேள்விக்கு என் வகுப்பில் ஒரு பையன் 63 என்று எழுதியிருந்தான். கேட்டுப் பார்த்தால் அவனுக்குச் செலவு தெரியும், ரூபாய் தெரியும், 'மீதம்' தெரியாது. "பாக்கி" என்று சொன்னதும் மனசிலேயே 27 என்று சொல்லிவிட்டான். அப்பாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிற பையன். அவனைக் கழித்தல் குழுவில் போட்டு ஒரு மாதம் கழித்தல் செய்ய வைத்திருந்தால் எவ்வளவு வீண். அவனுக்குத் தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது, செய்தோம்.

34 பேரையும் இப்படிக் கேட்க முடியாது, தெரியும். வாழ்க்கைக் கணக்கில் தவறி, அதே கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தால் சரியாகச் செய்கிற பிள்ளைகளை மட்டும் கூப்பிடுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

---

பதில்: குடியாத்தம் அம்மா

நான் ஆசிரியை இல்லை, ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு அம்மா. பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

என் பெண் முன்பு படித்த பள்ளியில் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் வகுப்பு வாட்ஸாப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் பெயரோடு போட்டார்கள், கடைசி ஐந்து பேருக்குச் சிவப்பு நிறம் அடித்து. என் பெண் அதில் ஒரு தடவை இருந்தாள். எதிர் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரரோடு தறியில் வேலை செய்கிறவர், எல்லாரும் அதே குழுவில். மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம். கணக்கு வராததைவிட அந்தச் சிவப்புதான் அவளைப் பிடித்துக்கொண்டது, ரொம்ப நாள் கணக்கு நோட்டையே என்னிடம் காட்ட மாட்டாள். பிள்ளையின் விவரம் பிள்ளைக்கும் டீச்சருக்கும் வீட்டுக்கும் உரியது, தெருவுக்கு உரியது இல்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், எந்தப் பள்ளியாக இருந்தாலும்.

இப்போது படிக்கிற பள்ளியில் கணக்கு டீச்சர் தேர்வுத்தாளில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி அனுப்புகிறார். "பின்னத்தில் பகுதியை வெவ்வேறாக வைத்துக்கொண்டே கூட்டுகிறாள், வீட்டில் ரொட்டியை வெட்டிக் காட்டுங்கள்" என்று ஒரு தடவை. நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு 53 மதிப்பெண் என்றால் திட்டத்தான் தெரியும், ரொட்டியை வெட்டிக் காட்டு என்றால் காட்டத் தெரியும்.

---

பதில்: காட்பாடி பட்டதாரி ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது. 1988-ல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள், குறிப்பு எழுதியதற்குப் பலன் இல்லை. அதனால் சாதாரண வகுப்புத் தேர்வில் நான் மதிப்பெண்ணை என் நோட்டில் வைத்துக்கொண்டு, தாளில் குறிப்பை மட்டும் எழுதுகிறேன். பருவத் தேர்வில் அது முடியாது, அது வேறு.

---

பதில்: மலைப்பள்ளி ஆசிரியர்

எல்லாம் சரிதான், ஆனால் எங்கள் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். பீஞ்சமந்தைப் பக்கம் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பு. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது எங்களுக்கு உண்மையாகவே உதவியது, ஏனென்றால் ஏற்கெனவே எல்லா வகுப்பும் ஒரே அறைதான். ஆனால் மதிப்பீட்டை ஆன்லைனில் ஏற்றுவதற்கு சிக்னல் தேடி ஒடுகத்தூர்ச் சாலையில் நிற்கிற நேரத்தில் நான் இரண்டு பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இதற்கு மேல் ஒரு லாங் சைஸ் நோட்டு என்றால் எனக்கு நேரம் எங்கே? பயன்படுகிற விவரம் எது, அனுப்புவதற்காக மட்டும் இருக்கிற விவரம் எது என்று யாராவது பிரித்து, பின்னதைக் குறைத்தால்தான் முன்னது நடக்கும். சுற்று வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சி.ஆர்.சி. கூட்டத்தில் இதைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

---

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொய்கை

தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். உங்களுக்கு நோட்டு வேண்டாம். மாலை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரே ஒரு கேள்வி, கால் தாள் துண்டுச் சீட்டில். சீட்டைத் திருத்தக்கூட வேண்டாம், சரி ஒரு பக்கம், தவறு ஒரு பக்கம், புரியாதது ஒரு பக்கம் என்று மேசையில் பிரித்து வையுங்கள். மறுநாள் காலை முதல் கால் மணி நேரம் யாருக்கு என்று அதுவே சொல்லும். அப்புறம் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம், எங்கேயும் ஏற்ற வேண்டியதில்லை.

---

பதில்: அணைக்கட்டு கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை உட்கார்ந்து விடைத்தாள் கட்டை மறுபடி எடுத்தேன். கழித்தல் கேள்வி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். காட்பாடி சார் சொன்ன மாதிரியே, 11 பேரில் 6 பேர் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர்கள், 2 பேர் பூஜ்யத்தில் மாட்டியவர்கள், ஒரு பெண் கேள்வியையே தொடவில்லை, மீதி 2 பேர் கழித்தலில் சரியாகத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு எங்கேயோ சிக்கல். அதைவிட, பட்டியலில் நன்றாகப் படிக்கிறவர்கள் என்று இருக்கிற 23 பேரில் 5 பேர் அதே பூஜ்யத்தில் தவறியிருக்கிறார்கள், மற்றக் கேள்விகளில் எடுத்துவிட்டதால் அது வெளியே தெரியவே இல்லை. நாளையிலிருந்து முதல் பதினைந்து நிமிடம் இந்த இரண்டு குழு, மற்றவர்களுக்கு விகிதத்தில் பயிற்சிக் கணக்கு. கேள்வியைத் தொடாத பெண்ணோடு தனியாகப் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். பதினைந்து நாள் கழித்து இவர்கள் தேறினார்களா என்று பார்க்க அதே கேள்வியைக் கொடுத்தால் விடையை மனப்பாடமாக எழுதிவிடுவார்களே, எப்படிக் கொடுப்பது?

---

பதில்: காட்பாடி பட்டதாரி ஆசிரியர்

எண்ணை மாற்றுங்கள், அமைப்பை மாற்றாதீர்கள். 602-லிருந்து 345 என்று கொடுங்கள். சரியான விடை 257. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறவன் 343 எழுதுவான். பூஜ்யத்தை 9 ஆக்கிவிட்டு நூறாம் இடத்தை மறந்தவள் 357 எழுதுவாள். மூன்று விடையும் வேறு வேறாக வருகிற மாதிரி எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் வேலை, கொடுப்பதற்கு முன்னால் நீங்களே அந்த இரண்டு தவறையும் செய்து பார்த்துவிடுங்கள். ஏழாம் வகுப்புக்கு அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொல்லுங்கள், ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறவர்கள் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியவர்கள், குடியாத்தம் அம்மாவின் ரொட்டி அவர்களுக்குத்தான். முடிந்தால் அடுத்த சி.ஆர்.சி. கூட்டத்துக்கு உங்கள் விடைத்தாள் கட்டையும் கொண்டு வாருங்கள், பெயரை மடித்து மறைத்துவிட்டு. நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன், இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தவறுகிறார்களா என்று சேர்ந்து பார்க்கலாம்.